சிறையிலிருந்து வழக்கு: அந்த 350 டாலர் யார் பணத்திலிருந்து போகிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். தம்பி அமெரிக்காவில் ஒரு மாநிலச் சிறையில் தண்டனைக் கைதி. வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. இரண்டு மாதம் எக்ஸ்ரே எடுக்காமல் வலி மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். இப்போது எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட நினைக்கிறார். ஏழை என்று மனு கொடுத்தால் கட்டணம் தள்ளுபடியாகிவிடும் என்று அறையில் உடனிருப்பவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, நீங்கள் மாதந்தோறும் அனுப்பும் 80 டாலரில் கை வைப்பார்களா, முழுத் தொகையையும் நீங்களே கட்டிவிடலாமா, ஊரில் கைதிகளுக்கு இருப்பதுபோல் அங்கே இலவசச் சட்ட உதவி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வழக்கறிஞர் அல்ல. கைதிகளின் உரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களுக்கு உதவியாளராக இருந்து, இத்தகைய மனுக்களையும் சிறைக் கணக்குத் தாள்களையும் படிப்பதே என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கட்டணம் தள்ளுபடி ஆகாது. தவணையாக மாறும், அவ்வளவுதான். சிறைக்கு வெளியே இருக்கும் ஓர் ஏழை ஃபெடரல் நீதிமன்றத்தில் வறியவர் மனு கொடுத்து, அது ஏற்கப்பட்டால் அவர் கட்டணமே கட்ட வேண்டியதில்லை. 1892 முதல் இருந்துவரும் சலுகை அது. கைதிகளுக்கும் 1996 வரை அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு பெரிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் சிறைவாசிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டமும் சேர்ந்து வந்தது. அன்று முதல், கைதி எவ்வளவு ஏழையாக இருந்தாலும் உரிமையியல் வழக்குத் தொடுத்தால் முழுக் கட்டணமும் அவர் தலையில் கடனாக ஏறும். நீதிபதி மனுவை முதன்முதலில் படித்துப் பார்க்கும் பரிசீலனையிலேயே வழக்கு தள்ளுபடியானாலும் அந்தக் கடன் நிற்கும். கோப்புக்கு வந்த பிறகு அவரே திரும்பப் பெற்றாலும் பொதுவாகக் கடன் தீராது.

தொகை இதுதான். ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கச் சட்டம் விதித்திருக்கும் கட்டணம் 350 டாலர். 2006 முதல் அது மாறவில்லை. அதோடு நிர்வாகக் கட்டணம் என்று 55 டாலர் தனியாக உண்டு. இந்த விகிதம் 2023 டிசம்பரில் வந்தது. வறியவர் மனு ஏற்கப்பட்டவருக்கு அந்த 55 கிடையாது. ஆகவே தவணையில் கட்டும் கைதிக்கு 350, கையிலிருந்து மொத்தமாகக் கட்டுபவருக்கு 405.

இப்போது உங்கள் 80 டாலருக்கு வருகிறேன். தம்பி வழக்கோடு இரண்டு தாள்களை இணைக்க வேண்டும். ஒன்று, தன் சொத்தையும் வருமானத்தையும் சொல்லும் பிரமாணப் பத்திரம். மற்றது, கடந்த ஆறு மாதச் சிறைக் கணக்கின் சான்றிட்ட நகல். இந்த இரண்டாவது தாளைக் கண்ணால் பார்த்தால்தான் எல்லாம் புரியும். இடப்பக்கம் தேதி, அடுத்து ஒரு குறியீடு, பிறகு வரவு, செலவு, இருப்பு. மாதம் ஒரு முறை 80 என்று ஒரு வரவு, அது நீங்கள் அனுப்பியது. அதன் கீழே கேன்டீன் செலவுகள் வரிசையாக நிற்கும்: சோப்பு, தபால் தலை, உடனடி நூடுல்ஸ், பற்பசை. மாதக் கடைசியில் மூன்று டாலரோ நான்கு டாலரோ மிஞ்சியிருக்கும். அடியில் சிறை அலுவலர் ஒருவர் கையெழுத்திட்டு, ஆறு மாதச் சராசரி வரவு இவ்வளவு, சராசரி இருப்பு இவ்வளவு என்று எழுதித் தருவார்.

நீதிமன்றம் அந்த இரண்டு சராசரிகளில் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளும். அதில் 20 சதவீதம் முதல் தவணை. தம்பியின் கணக்கில் சராசரி வரவு 80, சராசரி இருப்பு 20 என்று வைத்துக்கொண்டால், 80தான் கணக்கில் வரும். முதல் தவணை 16 டாலர். மிச்சம் 334. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முந்தைய மாத வரவில் 20 சதவீதம், கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம், சிறை நிர்வாகமே எடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடும். தம்பியின் சம்மதம் ஒவ்வொரு முறையும் தேவையில்லை. நீங்கள் தொடர்ந்து 80 அனுப்பினால் மாதம் 16 போய், 334 தீர 21 மாதம் ஆகும், அதாவது ஒன்றே முக்கால் ஆண்டு. அந்தக் காலம் முழுவதும் நீங்கள் அனுப்பும் 80 அவர் கைக்கு 64 ஆகத்தான் போய்ச் சேரும்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். கட்டணம் கைதியின் மீது விதிக்கப்படுகிறது. கட்டுவது பெரும்பாலும் அவருடைய அக்கா, அம்மா, மனைவி. ஃபெடரல் சிறைகளில் சமையலறை, துப்புரவு போன்ற வழக்கமான வேலைகளுக்கு மணிக்கு 12 முதல் 40 சென்ட் வரை தருகிறார்கள். 12 சென்ட் வாங்குபவர் 350 டாலர் சேர்க்க ஏறக்குறைய 2,900 மணி நேரம் உழைக்க வேண்டும். டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் சிறையின் வழக்கமான வேலைக்குக் கூலியே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கணக்கில் விழும் வரவு என்றால் அது குடும்பம் அனுப்பும் பணம் மட்டுமே. சிறை அதிகாரி செய்த தவறுக்கு நியாயம் கேட்க, எந்தக் குற்றமும் செய்யாத ஒரு பெண் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டுகிறார். சட்டம் எழுதியவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை.

கணக்கில் ஒன்றுமே இல்லையென்றால்? அதற்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. சொத்தும் இல்லை, முதல் தவணை கட்ட வழியும் இல்லை என்பதற்காக எந்தக் கைதியும் வழக்குத் தொடுப்பதைத் தடுக்கக் கூடாது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இருப்பு பூஜ்யம் என்றால் முதல் தவணை இல்லாமலே வழக்கு நடக்கும். பணம் வரும்போது கடன் கழியும். அடுத்த மாதம் உங்களால் பணம் அனுப்ப முடியாமல் போனாலும் அதற்காக வழக்கை மூட மாட்டார்கள். தம்பியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பணம் இல்லை என்று நினைத்தே நல்ல வழக்கைக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு சட்டம் ஏன் வந்தது? 1980க்கும் 1995க்கும் இடையில் அமெரிக்கச் சிறைகளில் இருந்தவர்களின் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் பெருகியது. ஆள் பெருகியதால் வழக்கும் பெருகியது. ஆனால் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது வேறு. மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் அற்பமான வழக்குகள் என்று பட்டியல்கள் தயாரித்தார்கள். செனட் உறுப்பினர் பாப் டோல் அவற்றை 1995இல் அவையில் படித்தார். முடிவெட்டியது சரியில்லை என்று ஒரு வழக்கு, கேட்ட வகை வேர்க்கடலை வெண்ணெய் கொடுக்கவில்லை என்று ஒரு வழக்கு. இந்த வேர்க்கடலை வழக்கு நாடு முழுவதும் பிரபலமாயிற்று. இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி ஜான் நியூமன் மட்டும் பொறுமையாக அந்த வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்தார். அந்தக் கைதி சிறைக் கடையில் தன் காசு கொடுத்து இரண்டு புட்டி வாங்கியிருந்தார். ஒன்று வேறு வகையாக வந்துவிட்டது. மாற்றித் தருவதாகச் சொன்னதால் திருப்பிக் கொடுத்தார். மாற்றுப் புட்டி வருவதற்குள் அவரை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். புட்டியும் வரவில்லை, 2.50 டாலரும் திரும்ப வரவில்லை. அவர் கேட்டது அந்த இரண்டரை டாலரை. வெளியே இருக்கும் நமக்கு அது ஒரு காபி. மணிக்கு 12 சென்ட் வாங்குபவருக்கு அது இருபது மணி நேர உழைப்பு.

அற்பமான வழக்குகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய உண்டு, நானே படித்திருக்கிறேன். ஆனால் கட்டணம் அற்பத்தையும் நியாயத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 1995இல் 40,000க்கு மேல் இருந்த கைதிகளின் உரிமை வழக்குகள் 2000இல் 26,000க்கும் கீழே இறங்கிவிட்டன, அந்த இடைவெளியில் கைதிகள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனபோதிலும்.

அடுத்து, தம்பி ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குப் போட நினைத்தால் நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டியது. 20 சதவீதம் என்பது ஒரு கைதிக்கு மொத்தமாக உள்ள உச்சவரம்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் சில நீதிமன்றங்களும் அப்படித்தான் சொல்லிவந்தன: முதல் வழக்கின் கடன் தீர்ந்த பிறகே இரண்டாவதற்குப் பிடிக்கலாம் என்று. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் புரூஸ் எதிர் சாமுவேல்ஸ் வழக்கில் அதை முடித்துவைத்தது. நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய ஒருமனதான தீர்ப்பு. ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனி 20 சதவீதம், எல்லாம் ஒரே நேரத்தில் பிடிக்கப்படும். இரண்டு வழக்கு என்றால் உங்கள் 80இல் 32 போகும். ஐந்து என்றால் ஒரு காசும் மிஞ்சாது.

மேல்முறையீடும் இதில் சேரும். அதற்கான கட்டணம் 605 டாலர். வழக்கில் தோற்று மேல்முறையீடு செய்தால் 350 தீராமல் இருக்கும்போதே 605க்கான பிடித்தமும் தொடங்கிவிடும். மாதம் 16 வீதம் அது மட்டுமே மூன்று ஆண்டுக்கு மேல் ஓடும். அதே மருத்துவப் பிரிவால் பாதிக்கப்பட்ட நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வழக்காகப் போட்டுக் கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாமா என்றால், அதுவும் பெரும்பாலும் நடக்காது. சில வட்டார நீதிமன்றங்கள் அப்படிச் சேர்வதையே அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் நீதிமன்றங்களிலும் பல, ஆளுக்கு ஒரு முழுக் கட்டணம் என்று விதிக்கின்றன.

கட்டணத்தைவிடக் கடுமையான ஒன்று உண்டு. சிறையில் அதை ‘மூன்று ஸ்டிரைக்’ என்பார்கள். ஒரு கைதியின் மூன்று வழக்குகளோ மேல்முறையீடுகளோ அற்பமானவை, தீய நோக்கம் கொண்டவை, அல்லது சட்டப்படி நிவாரணம் கேட்கும் அளவுக்கு விவரம் இல்லாதவை என்று தள்ளுபடியானால், அதற்குப் பிறகு தவணைச் சலுகையே போய்விடும். 405 டாலரையும் முன்பணமாக வைத்தால்தான் புதிய வழக்கு. கடுமையான உடற்காயம் ஏற்படும் உடனடி ஆபத்தில் இருப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. முன்பு நேர்ந்த காயத்தை மட்டும் காட்டினால் அந்த விலக்கு கிடைக்காது, மனு கொடுக்கும் நாளில் ஆபத்து இருக்க வேண்டும். மூன்றாவது தள்ளுபடியை எதிர்த்து மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் அது ஸ்டிரைக்காக எண்ணப்படும் என்று 2015இல் தீர்ப்பானது. மறுபடி புதிதாகத் தாக்கல் செய்யத் தடை விதிக்காமல் தள்ளுபடி செய்த வழக்கும் எண்ணப்படும் என்று 2020இல் தீர்ப்பானது. சாட்சியங்களைப் பார்த்த பிறகு தகுதி அடிப்படையில் தோற்பது பொதுவாக ஸ்டிரைக் ஆகாது. எனவே தோல்வியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அரைகுறையாக எழுதிய மனுவைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

ஆகவே தம்பிக்கு நான் சொல்வது இது: 350 டாலரை ஒரே ஒரு முறை கட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு விஷயங்கள் வழக்குக்கு முன்பே சரியாக இருக்க வேண்டும்.

முதலாவது, சிறைக்குள் குறைதீர் மனு. அதே 1996 சட்டம், சிறையின் குறைதீர் நடைமுறையைக் கடைசிப் படிவரை முடிக்காமல் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்கிறது. பணமாக இழப்பீடு தருவதற்கு அந்த நடைமுறையில் இடமே இல்லாவிட்டாலும் முடித்தாக வேண்டும். கெடுக்கள் மிகக் குறுகியவை. டெக்சாஸ் மாநிலச் சிறைகளில் முதல் படி மனுவுக்கு 15 நாள். அதற்கு வரும் பதில் திருப்தி இல்லையென்றால் இரண்டாம் படிக்கு மறுபடி 15 நாள். ஃபெடரல் சிறைகளில் வார்டனுக்கு 20 நாளுக்குள், பிறகு மண்டல இயக்குநருக்கு 20 நாளுக்குள், பிறகு தலைமையகத்துக்கு 30 நாளுக்குள். கெடு தப்பினால் நடைமுறையை முறைப்படி முடித்ததாக ஆகாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படிவம் தரவே மறுத்தார்கள், மிரட்டினார்கள், பதிலே வராத வெறும் கண்துடைப்பு நடைமுறை என்று காட்ட முடிந்தால் மட்டும் 2016இல் வந்த ரோஸ் எதிர் பிளேக் தீர்ப்பு கைகொடுக்கும்.

கட்டணத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், அவசரப்பட்டுக் குறைதீர் மனு நிலுவையில் இருக்கும்போதே வழக்குப் போட்டால் வழக்கு தள்ளுபடியாகும். இரண்டாம் படியை முடித்துவிட்டு மறுபடி போட்டால் அது புதிய வழக்கு, புதிய 350. முதல் 350 திரும்ப வராது. நான் பார்க்கும் கட்டுகளில் ஒரே சம்பவத்துக்கு இரண்டு கடன் ஓடுவதற்கு இதுவே மிகப் பெரிய காரணம். அதற்காக ஆற அமரவும் இருக்க முடியாது. வழக்குக்கான காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டென்னசி, கென்டக்கியில் ஓர் ஆண்டு, டெக்சாஸ், கலிஃபோர்னியாவில் இரண்டு, நியூயார்க்கில் மூன்று. குறைதீர் மனு நடக்கும் காலத்தைப் பல நீதிமன்றங்கள் கழித்துக் கணக்கிடுகின்றன, ஆனால் அதை நம்பிக் கடைசி நாள்வரை காத்திருப்பது நல்லதல்ல.

இரண்டாவது, மனுவில் என்ன எழுதுகிறார் என்பது. இங்கே உங்கள் தம்பிக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1973 நவம்பரில் டெக்சாஸ் சிறையில் கேம்பிள் என்ற கைதி லாரியிலிருந்து பஞ்சுப் பொதி இறக்கும்போது பொதி மேலே விழுந்து முதுகில் அடிபட்டது. வழக்கறிஞர் இல்லாமல் கையால் எழுதிய மனுவில்தான் அவர் வழக்குத் தொடுத்தார். 1976இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில், கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தும் அலட்சியம் செய்வது அரசியலமைப்பு தடை செய்யும் கொடிய தண்டனை என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் இன்று கைதிகள் போடும் ஒவ்வொரு மருத்துவ வழக்கும் அந்தத் தீர்ப்பின் மேல் நிற்கிறது. ஆனால் அதே தீர்ப்பில் மருத்துவர்களுக்கு எதிரான கேம்பிளின் கோரிக்கை தோற்றது. மூன்று மாதத்தில் 17 முறை மருத்துவப் பணியாளர்கள் அவரைப் பார்த்திருந்தார்கள். முதுகுக்கு எக்ஸ்ரே எடுக்கவில்லையே என்பது அவருடைய குறை. எக்ஸ்ரே எடுப்பதா வேண்டாமா என்பது மருத்துவரின் முடிவு. அது தவறாக இருந்தால் அதிகம் போனால் மருத்துவக் கவனக்குறைவு. அதற்கு மாநில நீதிமன்றம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

தம்பி தன் மனுவில் ‘எக்ஸ்ரே எடுக்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் இந்தப் பாறையில்தான் போய் மோதுவார். முதல் பரிசீலனையிலேயே தள்ளுபடியாகும்; 350 கடன் நிற்கும்; ஒரு ஸ்டிரைக்கும் விழும். எழுத வேண்டியது இவை: எந்தத் தேதியில், யாரிடம், எந்தச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், கை எப்படி இருந்தது, விரல் மடங்கியதா, வீக்கமும் கோணலும் பார்த்தவுடன் தெரியும்படி இருந்ததா, பார்த்த செவிலியரோ மருத்துவரோ என்ன சொன்னார், எலும்பு முறிந்திருக்கலாம் என்று யாராவது சொல்லியும் வெளி மருத்துவமனைக்கு அனுப்பாமல் விட்டார்களா, அதை முடிவு செய்தது யார். தெரிந்தது, தெரிந்தும் விட்டது, விட்டதால் கை கோணியது என்ற மூன்றும் பெயர், தேதியோடு இருக்க வேண்டும். பெயர் தெரியாத அலுவலர் என்றால் அந்த ஷிஃப்டில் இருந்தவர் என்று அடையாளம் சொல்லி எழுதலாம். சட்ட மேற்கோள்கள் தேவையில்லை. வழக்கறிஞர் இல்லாத கைதியின் மனுவை இளக்கமாகப் படிக்க வேண்டும் என்று 1972இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; மொழிப் பிழைக்கு யாரும் தள்ள மாட்டார்கள், விவரம் இல்லாமைக்குத்தான் தள்ளுவார்கள்.

நீங்களே 405 டாலரையும் கட்டிவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டலாம், தடையில்லை. மாதாந்திரப் பிடித்தம் இருக்காது என்பது ஒரு நிம்மதி. ஆனால் உங்கள் நிலையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 55 டாலர் கூடுதலாகப் போகும் என்பது சிறிய காரணம். பெரிய காரணம் அழைப்பாணை. வறியவர் மனு ஏற்கப்பட்டால், பிரதிவாதிகளுக்கு அழைப்பாணையைச் சார்பு செய்யும் பொறுப்பு நீதிமன்றத்துடையது. நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் ஃபெடரல் அலுவலர்களான அமெரிக்க மார்ஷல்கள் அதைச் செய்வார்கள். முழுக் கட்டணம் கட்டினால் அது தம்பியின் பொறுப்பு. சிறைக்குள்ளிருந்து ஐந்து அலுவலர்களுக்கு, அதிலும் வேலையை விட்டுப் போன ஒரு மருத்துவருக்கு, கெடுவுக்குள் அழைப்பாணை கொண்டு சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. மார்ஷல்களை அனுப்பும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்தான், ஆனால் அது நீதிபதியின் விருப்பம். முழுக் கட்டணம் கட்டினால் முதல் பரிசீலனையிலிருந்து தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அரசு அலுவலர் மீது கைதி தொடுக்கும் வழக்கு எதுவானாலும் அந்தப் பரிசீலனை உண்டு.

எனவே வறியவர் மனுவே போடட்டும். பிறகு உங்களிடம் பணம் சேரும்போது, வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு மிச்சக் கடனை நீதிமன்ற எழுத்தருக்கு நீங்களே நேரடியாக அனுப்பிவிடலாம். அதற்கு மேல் ஒரு காசும் அவர்கள் பிடிக்க முடியாது.

பிரமாணப் பத்திரத்தில் மட்டும் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கணக்கில் இருக்கும் பணத்தை வழக்குக்கு முந்தைய வாரம் உங்களுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு ‘என்னிடம் ஒன்றும் இல்லை’ என்று எழுதும் யோசனையைச் சிறையில் யாராவது சொல்வார்கள். ஆறு மாதத் தாளில் அந்த வரி அப்படியே தெரியும். வறுமை பற்றிச் சொன்னது பொய் என்று கண்டால் வழக்கைத் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வெளியே வங்கிக் கணக்கோ, வண்டியோ, வரவேண்டிய பணமோ இருந்தால் அதையும் எழுத வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதுபவருக்கு இந்த மனு சாதாரணமாக ஏற்கப்படும்.

ஊரில் இருப்பதுபோல் இல்லையா என்று கேட்டீர்கள். இந்தியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பாராமல் சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது. நீதிமன்றக் கட்டணமும் அந்த உதவியில் அடங்கும். நடைமுறையில் எத்தனை கைதிகளுக்கு அது போய்ச் சேர்கிறது என்பது வேறு பேச்சு, ஆனால் கொள்கையளவில் அது அமெரிக்கச் சட்டத்தைவிடப் பெருந்தன்மையானது. அமெரிக்காவில் உரிமையியல் வழக்குக்கு இலவச வழக்கறிஞர் என்ற உரிமை இல்லை. நீதிபதி ஒரு வழக்கறிஞரை வேண்டிக் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது என்று 1989இல் தீர்ப்பாகியிருக்கிறது. நீங்களும் தம்பிக்காக மனுவில் கையெழுத்திட முடியாது. அவரே எழுதி, அவரே கையெழுத்திட வேண்டும்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒரு வார்த்தை. குடியேற்றத் தடுப்பு மையத்தில் இருப்பவர், குற்ற வழக்கு எதுவும் இல்லாதவரை, இந்தச் சட்டப்படி ‘கைதி’ அல்ல என்றே நீதிமன்றங்கள் சொல்லிவருகின்றன. அவர்களுடைய வறியவர் மனு ஏற்கப்பட்டால் தவணைப் பிடித்தம் கிடையாது. காவலில் வைத்திருப்பதையே எதிர்க்கும் ஆட்கொணர்வு மனுவுக்குக் கட்டணம் 5 டாலர்தான். புகலிடம் கேட்டு 2017இல் மெக்சிகோ எல்லையைக் கடந்த இலங்கைத் தமிழர் விஜயகுமார் துரைசிங்கம் போட்டதும் ஆட்கொணர்வு மனுவே. அது உச்ச நீதிமன்றம்வரை போய் 2020இல் அவருக்கு எதிராக முடிந்தது. விடுதலையைக் கேட்காமல் புகலிடத்துக்கு இன்னொரு வாய்ப்பைக் கேட்பதற்கு அந்த மனு பயன்படாது என்றார்கள். தம்பியின் வழக்கும் அந்த வகை அல்ல. கைக்கு இழப்பீடும் சிகிச்சையும் கேட்பதை 5 டாலர் மனுவாகப் போட்டால், நீதிமன்றம் அதைத் தள்ளும், அல்லது 350 டாலர் வழக்காக மாற்றும்படி சொல்லும்.

மருத்துவக் கவனக்குறைவு என்று மாநில நீதிமன்றத்துக்குப் போவதானால் அங்கே கட்டணமும் விதியும் வேறு. பல மாநிலங்கள் 1996 சட்டத்தைப் போலத் தங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கின்றன. டெக்சாஸில் கைதி தன் முந்தைய வழக்குகள் அனைத்தையும் பட்டியலிட்டுப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதுவே தள்ளுபடிக்குப் போதும்.

தோற்றால் எதிர்த்தரப்பின் செலவுத் தொகையை நீதிமன்றம் தம்பி மீது விதிக்கலாம். அதுவும் இதே 20 சதவீத வழியில் பிடிக்கப்படும். வென்றால் தாக்கல் கட்டணத்தைச் செலவுத் தொகையாகத் திரும்பக் கேட்கலாம். சமரசம் பேச வந்தால், சமரசத் தொகையோடு மிச்சக் கட்டணக் கடனையும் எதிர்த்தரப்பே தீர்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் அதைத் தானாகத் தருவதில்லை.

இந்த வாரம் தம்பியிடம் தொலைபேசியில் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது: குறைதீர் மனு எந்தப் படியில் இருக்கிறது, கடைசியாக வந்த பதிலில் என்ன தேதி. கொடுத்த ஒவ்வொரு மருத்துவச் சீட்டுக்கும் மனுவுக்கும் நகல் எடுத்து உங்களுக்குத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். சிறை மாற்றத்தின்போது முதலில் தொலைவது காகிதங்கள்தான். சம்பவம் நடந்த சிறை எந்த ஃபெடரல் மாவட்டத்தில் வருகிறதோ அந்த நீதிமன்றத்தின் எழுத்தருக்கு ஒரு கடிதம் போட்டால், கைதிகளுக்கான வழக்குப் படிவமும் வறியவர் மனுப் படிவமும் இலவசமாக அனுப்புவார்கள். கணக்குத் தாளுக்கான சான்றை இப்போதே சிறை அலுவலகத்தில் எழுதிக் கேட்கட்டும், அது வர வாரக்கணக்கில் ஆகும். எல்லாம் முடிந்து உறையைச் சிறை அலுவலரிடம் ஒப்படைக்கும் நாளை அவர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர் இல்லாத கைதிக்கு அந்த ஒப்படைத்த நாளே தாக்கல் நாளாகக் கொள்ளப்படும். மேல்முறையீட்டுக்கு 1988இல் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த விதியைப் பல நீதிமன்றங்கள் வழக்கு மனுவுக்கும் பொருத்துகின்றன.

குறைதீர் மனுவுக்கு வந்த பதிலைத் தட்டச்சு செய்து இங்கே போடுங்கள். தம்பியின் பெயர், கைதி எண், சிறையின் பெயர் மூன்றையும் நீக்கிவிடுங்கள். அடுத்த படிக்கான மனுவில் என்ன எழுதலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.